அக்கா வீட்டு அடுப்படி

நகராட்சியில் ஆக்கிரமிப்பு அகற்றும் குழுவுக்கு அவன்தான் மேஸ்திரி. ஊரில் அவனுக்குக் கடப்பாரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸில் எங்கோ இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே பின்னால் திரும்பிப் பார்ப்பான், வேறு எவனையோ கூப்பிடுகிறார்கள் என்று. ஆள் அப்படி ஒன்றும் உயரமில்லை. ஆனால் கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் தோள்தான் இருந்தது. வாயைத் திறந்தால் முன்பல் ஒன்று பாதியாக நிற்பது தெரியும். அதை உடைத்தவன் எவனும் இல்லை. உடைத்தவள் அவனுடைய அக்கா.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். வளர்த்தாள் என்பதைவிட அடித்து ஆளாக்கினாள் என்றால் இன்னும் சரியாக இருக்கும். கரண்டியோ செருப்போ, கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான். ஆனால் அவளிடம் ஒரு நியாயம் உண்டு. அவன் தெருவில் எவனையாவது உதைத்துவிட்டு வந்தால் முதலில், "ஏன் அடிச்சே?" என்று கேட்பாள். "என் பந்தைப் பிடுங்கிட்டான்" என்றால், "சரி, கை கழுவிட்டு வா" என்று தட்டை வைப்பாள். "பக்கத்து வீட்டு அண்ணன் அடிக்கச் சொன்னாரு" என்றால் அன்றைக்குத் தொலைந்தான். அந்தப் பல் அப்படிப் போனதுதான். "அடுத்தவன் சொன்னான்னு கை ஓங்குவியா? உனக்குன்னு ஒரு கோபம் கிடையாதாடா?" என்று கேட்டுக்கொண்டே கரண்டியால் வாயில் ஒரு போடு போட்டாள். பிறகு அவளே ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அவனைவிட அவள்தான் அதிகமாக அழுதாள்.

அப்படி அடி வாங்கி வளர்ந்தவன் என்ன வேலைக்குப் போனான் பாருங்கள். அடுத்தவன் சொன்னால் அடிக்கிற வேலைக்கு. அதுவும் பென்ஷனோடு.

வேலையில் கெட்டிக்காரன், அதை மறைத்து ஆவதென்ன. மற்ற மேஸ்திரிகள் வாசலில் நின்று கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், அதிலேயே பாதி நாள் போய்விடும். கடப்பாரைக்குத் தனி முறை. பொக்லைனை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவான். தான் மட்டும் முன்வாசல் வழியாக உள்ளே போவான். அவன் உள்ளே போன சற்று நேரத்தில் டிரைவர் அடுப்படிச் சுவரை ஒரு தட்டுத் தட்டுவான். இரண்டாவது தட்டில் சுவர் வந்துவிடும். அதுவரை செத்தாலும் நகர மாட்டோம் என்று கிடந்தவர்கள் முதல் சத்தத்திலேயே அலறிக்கொண்டு முன்பக்கம் ஓடி வருவார்கள். வருகிறவர்களை அள்ளி வெளியே போடுவது மட்டும்தான் இவனுக்குப் பாக்கி. "கூரை போனா தார்ப்பாய் கட்டிக்கிட்டு மறுபடியும் வந்து உக்காருவாங்க. அடுப்பு போனா வரமாட்டாங்க" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வான். கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் எதிரில் நின்று சொல்ல எவனுக்குத் துணிச்சல்.

ஒரு தடவை மட்டும் இந்த முறை காலை வாரியது. உள்ளே இருந்தவன் ஒரு கத்தியை எடுத்து இவன் கழுத்தில் வைத்து, "வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றான். இவன் கத்தினான். டிரைவரும் நிறுத்திவிட்டான். அன்றைய வேலை கெட்டது. கத்தி வைத்தவனின் விலா எலும்புகள் என்ன ஆயின என்பது தனிக் கதை. மறுநாள் டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"நான் உள்ள போய்ட்டா உனக்குக் காதே கிடையாது. எவன் கத்தினாலும் நிறுத்தாதே. என் குரல் கேட்டாலும் நிறுத்தாதே. நானே கண்ணு முன்னாடி வந்து கையக் காட்டினாத்தான் நிறுத்தணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணே" என்றான் டிரைவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். கடப்பாரைக்கு அவனைப் பிடிப்பதற்கே அதுதான் காரணம்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்க் குப்பைக்கு வழி தேட வேண்டி வந்தது. ஆற்றங்கரையில் கொட்டிக் கொட்டி, ஆறு எது குப்பை எது என்று தெரியாமல் போயிருந்தது. பழைய கல்குவாரியில் புதுக் கிடங்கு என்று நகராட்சி முடிவு செய்தது. அங்கே லாரிகள் போய்வர அகலமான சாலை வேண்டும். முதலில் போட்ட கோடு ஊருக்கு வெளியே காலி நிலத்தின் நடுவே போனது. அந்தக் காலி நிலத்தை ஒரு மனை வியாபாரி வாங்கிவிட்டார். நகராட்சித் தலைவருக்கு மிகவும் வேண்டியவர். வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. புது வீட்டுக்காரன் மூக்குக்கு நேரே நாள் முழுக்கக் குப்பை லாரி போனால் எவன் மனை வாங்குவான்? அதனால் கோடு வளைந்தது. வளைந்து, மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் நெருக்கமான தெருவுக்குள் நுழைந்தது.

அதைத் தீர்மானமாக நிறைவேற்றிய கூட்டத்தில் கடப்பாரை கதவருகே நின்றிருந்தான். அவனுக்கு அங்கே அதுதான் வேலை. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுப்பதில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "காலி நிலம் இருக்கறப்ப ஆள் குடியிருக்கற தெருவுக்குள்ள ஏன் ரோடு வருது?" என்றார். தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரை வெளிய கொண்டு போங்க."

கடப்பாரை அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவர் வரிசைக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல்கள்மேல் முழங்கையால் இடித்தான். விடவில்லை. தாடையில் குத்தினான். உள்ளே எலும்பு நழுவுவது அவன் கைக்கே தெரிந்தது. யாரோ நாற்காலியை வீசினார்கள். அதே நாற்காலியை எடுத்து, வீசியவன் முதுகில் உடைத்தான். பிறகு வராந்தாக் குழாயில் கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனான். எந்தத் தெரு, என்ன ரோடு என்று அவனும் கேட்கவில்லை, அவனிடம் எவரும் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் அக்கா வந்து நின்றாள். மில்லுக்குச் சாக்கு தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். தலைமுடியில் மாவு படிந்திருந்தது. கையில் செருப்பு.

"ஏன் அடிச்சே?"

"யாரை?"

"சைக்கிள் கடைக்காரரை."

"தலைவர் சொன்னாரு."

பளீரென்று விழுந்தது ஒன்று. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவி சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டாள். அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளும்போது நடுவில் போகக்கூடாது என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே புரிந்துவிட்டது.

"அந்த மனுஷன் எந்தத் தெருவுக்காகக் கேட்டாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

இன்னொன்று விழுந்தது. "என் தெருடா. என் வீடுடா. தாடைய உடைச்சிட்டு வந்து நிக்கறியே, அவரு எனக்காகவும்தான் கேட்டாரு."

ஊரே பார்த்து ஒதுங்குகிற கடப்பாரை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்றான். மறுநாள் தலைவரிடம் போய், "ஐயா, அதுல எங்க அக்கா வீடும் இருக்கு" என்றான். "அப்படியா? அப்ப நீ வேணாம், வெளியூர்க் குழுவைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார் அவர். அந்தக் குழுவை இவனுக்குத் தெரியும். பொம்பளைகளைத் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறவர்கள். "வேணாங்க, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அக்காமேல் ஒரு கீறல் விழாமல் அவளை வெளியே கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தான்.

அவளிடம் போய்ச் சொன்னான். "நானே வந்து, கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து, என் வீட்டுல உன்னை உக்கார வெச்சிட்டு, அப்புறம்தான் வண்டி இதைத் தொடும். சரியா?"

"வந்து கூப்பிடு. வரேனா இல்லையான்னு அப்பப் பாக்கலாம்." அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் அடுப்படியிலதான் உக்காந்திருப்பேன். உன் வண்டி முதல்ல வர்ற இடம் அதுதானாமே, ஊரே சொல்லுது. என் தலைமேல விட்டுடுவியா?"

"என்னக்கா பேச்சு இது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

இடிக்கிற நாள் காலையில் தெருவே கல்லும் கையுமாக நின்றது. முதல் கல் கடப்பாரையின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. சட்டைத் தோள் முழுக்க ரத்தம். ஒருவன் இரும்புக் குழாயோடு பாய்ந்தான். குழாயைப் பிடுங்கி அவன் மணிக்கட்டிலேயே அடித்தான். அவன் சுருண்டு விழுந்த இடத்தில் இன்னொருவன் தடுக்கி விழுந்தான். குழு ஆட்கள் தடிகளால் வழி உண்டாக்கினார்கள். ஒரு கிழவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், விரல்களுக்கு நடுவே ரத்தம் ஒழுகியது. பொக்லைன் வழக்கம்போலப் பின்பக்கம் போனது, வேறு வண்டி ஏற முடியாத கல்மேட்டு வழியாக.

அங்கேதான் தப்பு நடந்தது. டிரைவரிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் அக்கா வீடு, நான் கூட்டி வரும்வரை தொடமாட்டான், இதைக்கூடச் சொல்லவேண்டுமா என்று இருந்துவிட்டான். டிரைவரோ வேறு கணக்குப் போட்டான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வழக்கம்போலத்தான். சொந்த அக்கா வீடென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நாளைக்கு அவருக்குத்தான் கெட்ட பெயர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததால் வந்த வினை.

கடப்பாரை உள்ளே போனான். கல் வராமலிருக்கக் கதவைச் சாத்தினான். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் மடித்து அடுக்கிய சாக்குகள், எதைத் தொட்டாலும் மாவு.

"அக்கா!"

"வாடா, இங்கதான் இருக்கேன்." ஜெயித்தவளின் குரல் அது. தம்பி அடுப்படியைத் தொடமாட்டான் என்று யாரிடமோ பந்தயம் கட்டி ஜெயித்த மாதிரி இருந்தது.

அப்போது முதல் தட்டு விழுந்தது. அடுக்கியிருந்த பாத்திரங்கள் குதித்தன. கடப்பாரை, "நிறுத்துடா! டேய், நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். அவன் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. அடுப்பருகே முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஓடி வருகிற தம்பியைப் பார்த்தாள், ஏன் இப்படிக் கத்துகிறான் என்பதுபோல. அவன் நீட்டிய கைக்கும் அவளுக்கும் நடுவே சுவர் வந்து விழுந்தது.

தூசியில் மண்டியிட்டுச் செங்கல்லை வாரி வாரி எறிந்தான். நகங்கள் பிய்ந்தன. அதற்குள் இரும்புக் கை மறுபடி உயர்ந்துவிட்டது. இடிந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து, வண்டிக்கு முன்னால் நின்று, ரத்தம் ஒழுகும் கையைக் காட்டினான். வண்டி உடனே நின்றது.

டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தான். குழு ஆள் ஒருவனிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கித் தலைக்கு மேலே ஓங்கினான்.

"உங்க குரல் கேட்டுதுண்ணே" என்றான் டிரைவர், உதடு கிழிந்த வாயோடு. "நீங்கதானே நிறுத்தக்கூடாதுன்னு சொன்னீங்க."

செங்கல் குவியலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. பாதிக் குரல்தான். "டேய்... அவனை ஏன் அடிக்கிற? நீ சொன்னதைத்தானே செஞ்சான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இரும்பு நழுவித் தரையில் விழுந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தெருமுனையோடு நின்றுவிட்டது. உள்ளே வர அகலமில்லை. இடிபாடு அள்ள வந்திருந்த சின்னக் குப்பை வண்டியின் பின்பெட்டியில் சாக்குகளை விரித்து அவளைக் கிடத்தினார்கள். கல் எறிந்தவர்களே கை கொடுத்துத் தூக்கினார்கள். கடப்பாரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் மடியில் பாரம் கூடிவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. இறங்காமல் உட்கார்ந்தே இருந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு அவன் வேலைக்கு வந்தான். எப்போதும்போலக் கதவருகே நின்றான். தலைவர் எழுந்து குரலைத் தாழ்த்தி இரங்கல் சொன்னார். "ஒரு ஆம்புலன்ஸ் உள்ள போக வழியில்லாம ஒரு உயிரு போயிடுச்சு. இதுக்குத்தான் நாங்க ரோடு கேக்கறோம். இதையும் எதிர்த்தா எப்படி?" உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தாடையில் கட்டோடு சைக்கிள் கடைக்காரரும் பார்வையாளர் வரிசையில் இருந்தார். அவரால் வாயைத் திறக்க முடியாது.

"காலி நிலத்துல போன ரோட்டுக் கோட்டை ஏன் வளைச்சீங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

தலைவர் பழக்கதோஷத்தில் நிமிராமலே சொன்னார். "அவரை வெளிய கொண்டு போங்க."

எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவருகே ஒருவரும் இல்லை. வெளியே கொண்டுபோக வேண்டியவன் தலைவரின் மேசைக்கு முன்னால் நின்றிருந்தான்.

முதல் குத்து தாடையில் விழுந்தது, சைக்கிள் கடைக்காரருக்கு விழுந்த அதே பக்கம். இரண்டாவதில் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை சிவந்தது. காலரைப் பிடித்து மேசைக்கு மேலாக இழுத்தான். மைக் கவிழ்ந்து கீச்சிட்டது. தடுக்க வந்த ஒரு கவுன்சிலர் சுவரில் போய் மோதினார். நாற்காலிகள் சரிய, தலைவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். சைக்கிள் கடைக்காரர் தன் கால்களை மட்டும் ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் தலைவரின் முதுகு மோதுகிற சத்தம் கேட்டது. வாசலில் போட்டுவிட்டு, வராந்தாக் குழாயில் கை கழுவிக்கொண்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

ஸ்டேஷனில் அவனைப் பெஞ்சில் குப்புறப் போட்டு அடித்தார்கள். "யார் சொல்லி அடிச்சே? எந்தக் கட்சிக்காரன் அனுப்பினான்? பேரைச் சொல்லு." ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடியடி.

"யாரும் சொல்லலை" என்றான்.

நம்பவில்லை. ஊரில் எவர்தான் நம்புவார்கள், கடப்பாரை தானாக ஒருவனை அடித்தான் என்று. மறுபடி அதையே கேட்டார்கள், மறுபடி அடித்தார்கள். அவன் வேறொரு கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஏன் அடிச்சே என்று கடைசிவரை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த முறை அவனிடம் பதில் இருந்தது. கேட்டுவிட்டு, சரி, கை கழுவிட்டு வா என்று தட்டு வைக்கத்தான் ஆளில்லை.