வராண்டாவில் வாங்கிய காந்தம்

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய முதல் பரிசு ஒரு காந்தம். குதிரை லாடம் போல வளைந்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சாயம், இரண்டு முனையிலும் வெறும் இரும்பு. பிற்பாடு மேடையேறி வாங்கிய பதக்கங்களைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். காந்தத்தைப் பற்றி மட்டும் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தாராவியில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு வந்தால்தான் விஞ்ஞானம். அந்த ஜூன் மாதம் அதற்கென்று ஓர் அறையே திறந்தார்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறைதான். வெள்ளையடித்து, ஒரு நீளமேசை போட்டு, வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். புதிதாக வந்த சயன்ஸ் சார் மாதுங்காவிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி நடந்தே வருவார். அவர் வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொரு பையன் கையிலும் சந்தனம் தடவி, கற்கண்டு கொடுத்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற இசக்கி என் காதில் சொன்னான்: "ஏல, நம்மளப் போயி வாங்கோங்காரு. ஆளு மாறி நிக்கோமோ?"

இசக்கிமுத்து என் சந்துக்கு அடுத்த சந்து. அவனுடைய அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, நெஞ்சுச் சளி முற்றி, கட்டிலோடு படுத்துவிட்டவர். குடும்பத்தை அம்மாதான் நடத்தினாள். எப்படி நடத்தினாள் என்பது எங்கள் சந்துகளில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசமாட்டார்கள். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. எங்கள் சித்தப்பா சாயங்காலமானால் காணாமல் போவார். "போயி அவனக் கூட்டிட்டு வா" என்று அம்மா என்னை அனுப்புவாள். நான் நேரே இசக்கி வீட்டுக்குப் போவேன். பின்கட்டில் அடுப்பின் மேல் பெரிய பானை, அதன் வாயில் மண்ணும் துணியும் வைத்து அடைப்பு, அதிலிருந்து ஒரு செம்புக் குழாய், குழாய்மேல் ஈரச் சாக்கு. சித்தப்பா எழுந்து வரும்வரை எனக்கு அங்கே அவித்த கிழங்கு கிடைக்கும். "சாப்புடுய்யா, ஒங்க சித்தப்பன் இப்பம் எந்திரிக்க மாட்டான்" என்பாள் இசக்கியின் அம்மா. அவளை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன்.

விஞ்ஞான அறையில் அன்று ஒரு விருந்தாளி இருந்தார். மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாமான்களையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர். வெள்ளைத் தொப்பி, மராத்திக்காரர். அவருக்குப் பக்கத்தில் குடையோடு ஓர் உதவியாள். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது. பாதி புரிந்த முகத்தோடு எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சார் ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றினார். பேனாவைத் திறந்து அதில் நீல மையைக் கலந்தார். குடுவை வாயில் தக்கை, தக்கையில் குழாய், குழாயின்மேல் நனைத்த துணி. கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். விளக்கிலிருந்து வந்த வாடை எனக்குப் பழகிய வாடையாக இருந்தது. இசக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

நீலத் தண்ணீர் கொதித்தது. குழாயின் மறுமுனையில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. பளிங்கு மாதிரித் தெளிந்த சொட்டு. வகுப்பே மூச்சுவிட மறந்து பார்த்தது.

"மை எங்கடா போச்சு?" என்றார் சார். அவருக்கே குதூகலம் தாங்கவில்லை. "இந்த மாதிரி எங்கயாவது பாத்திருக்கேளா? யாராவது? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். பாவம், இவனுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். கையை உயர்த்தி எழுந்தேன்.

"சார், இசக்கி வீட்ல இருக்கு சார். இதவிடப் பெருசு."

சில பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. சார் எங்கள் சந்துகளுக்குள் வராத மாதுங்காக்காரர்தான், ஆனால் மடையர் இல்லை. அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிரித்துக்கொண்டார்.

"இட்லிக் கொப்பரையச் சொல்றியா? சரி, சரி, ரொம்ப நன்னாச் சொன்னே. உக்காரு."

"க்யா போலா லட்கா?" பையன் என்ன சொன்னான் என்று விருந்தாளி கேட்டார். அம்மா சமையல் செய்வதைச் சொல்கிறான் என்று சார் தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்ன சரியான பதிலை இட்லியாக்கிவிட்டாரே! சாருடைய இந்தியைவிட என் தெரு இந்தி நல்ல இந்தி. உட்காராமலே விருந்தாளியைப் பார்த்துச் சொன்னேன்: "நஹி சாப், கானா நஹி. இஸ்கே கர் மே ஹை. படா மட்கா, தாம்பே கா நளி." சாப்பாடு இல்லை, இவன் வீட்டில் இருக்கிறது, பெரிய பானை, செம்புக் குழாய். சொல்லிக்கொண்டே இசக்கியைக் கையால் காட்டினேன்.

விருந்தாளி சிரிப்பை நிறுத்தினார். பிறகு முன்பைவிடப் பெரிதாகச் சிரித்து, "ஷாபாஷ்" என்றார். சார் திரும்பி நின்று விளக்கை மூடி அணைத்தார். அடுத்த சொட்டு விழவில்லை.

வகுப்பு முடிந்ததும் உதவியாள் வந்து என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போனான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி குனிந்து என் தோளில் கை வைத்து, அந்த வீடு எங்கே என்று கேட்டார். குயவர் சூளைகளைத் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச் சந்தில், பச்சைத் தகரக் கதவு என்று கை நீட்டிக் காட்டினேன். அவர் பெட்டிக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இதுவரை நடந்ததற்காக நான் என்னை மன்னித்துவிட்டேன். ஒன்பது வயதுப் பையன், தெரிந்ததைச் சொன்னான். மன்னிக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டு நானும் இசக்கியும் நனைந்துகொண்டே நடந்தோம். அவன் எனக்கு இரண்டடி முன்னால் போனான். சூளைகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் மூடிய பானைக் குவியலின் அருகில் நின்றான்.

"ஏல, ஒரு காரியம் கேக்கேன். நெசத்தச் சொல்லணும். அந்தத் தொப்பிக்காரரு ஒன்னிய வெளிய கூப்புட்டாருல்லா, வீடு எதுன்னு கேட்டாரா?"

நான் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

"கேட்டாருன்னா சொல்லிருல. நான் ஒன்னும் செய்ய மாட்டேன். ஓடிப்போயி அம்மாட்ட சொன்னா எல்லாத்தயும் தூக்கிக் காடியில முக்கிருவா."

காடி என்பது சந்துக்குப் பின்னால் இருந்த கழிமுகம். போலீஸ் வரும் என்று துப்பு கிடைத்தால் பானையும் டின்னும் அந்தச் சேற்றுக்குள் போய்விடும். ஹவல்தார்கள் வந்து வெறும் அடுப்பைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். அதை நானே கண்டிருக்கிறேன்.

"அப்பிடிச் சும்மாவும் முக்க முடியாதுல. ஊறல் பூராவும் போயிரும். அப்பாவுக்கு மருந்து வாங்கணும். அதான் கேக்கேன். கேட்டாரா, கேக்கலியா?"

காந்தம் என் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டார் என்றால் இசக்கி அம்மாவிடம் ஓடுவான். அவள் என் அம்மாவிடம் வருவாள். அப்பா பெல்ட்டை உருவுவார். காந்தம் போய்விடும். எல்லாவற்றிலும் முன்னால் நின்றது காந்தம்தான். அதை மறைத்துச் சொல்வதில் இப்போது பயனில்லை.

"கேக்கல" என்றேன். "எம் பேரு என்ன, எத்தனாங் கிளாஸ்னுதான் கேட்டாரு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் என் முகத்தையே பார்த்தான். மழைத்தண்ணீர் அவன் மூக்கு நுனியில் திரண்டு விழுந்தது. பிறகு நீளமாக மூச்சுவிட்டான். "அப்பஞ் சரி. நான் பயந்தே போனேம்ல" என்று சொல்லி, என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான்.

வீட்டில் காந்தத்தை வைத்துத் தகரப் பெட்டியின் ஆணிகளை இழுத்து விளையாடினேன். மனம் அதில் நிற்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டினேன். இப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். போய், மழையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். மறுபடியும் போனேன். விளக்கு வைக்கும் நேரத்தில் விசில் சத்தம் கேட்டது.

நான் போனபோது சந்தில் கூட்டம். பச்சைத் தகரக் கதவு கழன்று கிடந்தது. பின்கட்டில் பானைகளை உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஊறல் சந்தின் சாக்கடையோடு கலந்து எங்கள் காலடியில் ஓடியது. மத்தியானம் விஞ்ஞான அறையில் வந்த அதே வாடை. கட்டிலிலிருந்து இசக்கியின் அப்பா இருமிக்கொண்டே ஏதோ கெஞ்சினார். இரண்டு ஹவல்தார்கள் பெரியம்மாவைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். இசக்கி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே இழுபட்டு வந்தான்.

என்னைக் கண்டதும் அவள் நின்றாள்.

"எய்யா, நீயா? ஏன் மழையில நிக்க? இவன ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மத்தியானத்துலேருந்து ஒன்னும் திங்கல. ஒங்க அம்மாட்டச் சொல்லு, நாளைக்கு வந்துருவேன்னு."

அவள் நாளைக்கு வரவில்லை. பல மாதம் வரவில்லை.

காட்டிக்கொடுத்தது யார் என்று சந்து முழுவதும் பேச்சு. தொழிலில் போட்டியாக இருந்த வேறொருத்திமேல் பழி விழுந்தது. குழாயடியில் அவளுடைய குடத்தை உடைத்தார்கள். சித்தப்பா, "நல்ல மனுஷியாச்சே, இப்பிடி ஆயிட்டே" என்று உண்மையாகவே கலங்கினார். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார். வகுப்பில் நான் சொன்னதை எந்தப் பையனும் வீட்டில் சொல்லவில்லையா, சொல்லியும் பெரியவர்கள் நம்பவில்லையா, எனக்குத் தெரியாது. சயன்ஸ் சார் அதன் பிறகு வகுப்பில் எத்தனையோ கேள்வி கேட்டார். எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

இசக்கி கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருந்தான். என் பாயிலேயே படுத்தான். பள்ளிக்கூடம் வரவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. காந்தத்தை நான் கோணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகிவிட்டேன். அவன் இருந்தவரை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு பாண்டுப்பிலிருந்து அவனுடைய அத்தை வந்தாள். நோயாளியையும் பையனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். அங்கே ஒரு பட்டறையில் அவனைச் சேர்த்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாள்.

சந்து முனைவரை அவனோடு போனேன். அவன் தலையில் ஒரு மூட்டை. திரும்பி நின்று, எதையோ நினைத்துக்கொண்டவன்போலச் சொன்னான்:

"ஏல, வராண்டாவுல வச்சி அந்தத் தொப்பிக்காரரு தந்தாருல்லா, அந்தக் காந்தம். அத ஈரம் படாம வச்சிக்க. துரு ஏறிரும்."

சொல்லிவிட்டு அத்தையின் பின்னால் ஓடிப்போனான்.

நான் அன்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். அவன் என்மேல் கோபப்படவில்லை, காந்தத்தையும் கேட்கவில்லை. கூரையிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தேன்.

நான் யாருக்கும் காட்டாத காந்தம் கை மாறியதை அவன் விஞ்ஞான அறை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான். அப்படியானால் அதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு வழி காட்ட நீண்ட என் கையையும் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சூளைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் கேட்டான். நான் இல்லை என்றதும், தன் கண்ணைத் தள்ளிவிட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டான். எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பையனுக்கு இது புரியவில்லை.