கேட் அடைச்சிட்டான்

எங்கள் ஊரில் தாமதமாக வருகிறவனுக்கு ஒரே ஒரு காரணம் போதும். "கேட் அடைச்சிட்டான்." அதற்கு மேல் அலுவலகத்தில் மேலதிகாரியோ, மாதா கோயிலில் சாமியாரோ, கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவோ மறுகேள்வி கேட்பதில்லை. தூத்துக்குடிக்குக் குறுக்கே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. அதைத் தாண்டிப் போகிற வேலை எல்லோருக்கும் இருக்கிறது. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவனும், வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்ப நேரமானவனும் பழியைக் கேட்டின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நானும் போட்டவன்தான். மற்றவர்களைவிடத் தாராளமாகவே போட்டிருக்கிறேன்.

அந்தக் கேட்டை ஒழிக்கிற வேலை கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தது. ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே சீரழிந்து கிடந்த வட்டாரத்தைப் புதிதாக்க ஒரு அரசு நிறுவனத்தை அமைத்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அகலமான சாலை, நடப்பவர்களுக்கு மர நிழல், கடைகள் என்று திட்டம். நான் அங்கே வரைபடம் வரைகிறவன். வரைவதற்கு முன்னால், கேட் எவ்வளவு நேரம் அடைத்துக் கிடக்கிறது என்று எழுதி வரச் சொன்னார்கள். ஒரு வாரம் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நல்லா எழுதுங்க அண்ணாச்சி," என்றார் கேட்கீப்பர். "இந்த ஊர்ல பாதிப் பேரு லேட்டாப் போறதுக்கு நான் காரணம் இல்லன்னு அதையும் சேத்து எழுதுங்க."

அவர் சொன்னது உண்மை. அடைத்தால் ஊரே தவித்துப்போகும்தான். ஆனால் ஊர் சொல்லுகிற அளவுக்கு அது அடைக்கவில்லை. ஒரு நாள் காலையில் என் சக ஊழியர் ஒருவர் திறந்த கேட்டை ஜம்மென்று தாண்டிப் போய், எதிர்க் கடையில் ஆற அமர டீ குடித்தார். அன்றைக்கு அவர் அலுவலகத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் காட்டிக்கொடுக்கவில்லை. என் யோக்கியதை எனக்குத் தெரியாதா.

பிறகு சாலை வரைகிற வேலை தொடங்கியது. கம்ப்யூட்டரில் கோட்டை இழுத்தபோது அது என் அக்கா வீட்டு முன்னறை வழியாகப் போனது. அக்கா வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான். அக்கா அந்த முன்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். கோட்டை இடது பக்கம் தள்ளிப் பார்த்தேன், பள்ளிக்கூடம் போனது. வலது பக்கம் தள்ளினேன், ரயில்வே நிலம் மறித்தது. எப்படி இழுத்தாலும் கோடு அக்கா வீட்டுக்கே திரும்பி வந்தது.

இடத்தை எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே வண்டியை எடுத்தேன். கேட் திறந்துதான் இருந்தது. நான் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். "அக்கா, ஒன்னப் பாக்கலாம்னு கெளம்புனேன், கேட் அடைச்சிட்டான். நாளைக்கு வாரேன்." மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் நிஜமாகவே ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டை அடைத்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் எங்கள் ஆட்கள் போய் அவள் கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள்.

மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏல, ஒன் ஆபீஸ்ல இருந்து வந்து ஒட்டிட்டுப் போறாங்க. நீ வரஞ்சதுதான?"

"ஆமாக்கா."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவே இல்லை. கிறிஸ்மஸுக்கு அவளே கொண்டுவருகிற முறுக்கு டப்பா அந்த வருஷம் ஓர் ஆட்டோக்காரர் கையில் வந்தது. எனக்கு அதைத் திறக்க மனசு வரவில்லை. பிள்ளைகள் திறந்தார்கள்.

பள்ளிக்கூட ஹாலில் மக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நான் ஓரமாக நின்றேன். சத்தம் போட வேண்டியவர்கள் போட்டு முடித்த பிறகு அக்கா எழுந்தாள். கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ரோடு வரட்டும் சார். வேண்டாம்னு சொல்ல நான் வரல. முன்னறைய எடுத்துக்கிடுங்க. மிச்சம் இருக்க அறையில நான் கடை போடணும். ஆனா படத்துல எங்க வாசலுக்கு முன்னால நீளமா ஒரு செவரு இருக்கு. சுரங்கத்துல இருந்து ஏறி வாரவங்க அந்தச் செவரப் பாத்துக்கிட்டே போயிருவாங்க. எங் கடை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்தச் சுவர் நான் வரைந்தது. சுரங்கப்பாதையிலிருந்து மேலே வருகிற சரிவுக்குத் தாங்குசுவர். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் போய்ச் சாப்பிட்ட வீடு அது. அந்த வாசலை மறித்து ஒரு சுவரை வரைந்திருக்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"நடுவுல செவர வெட்டிப் படி வைக்கலாம் சார்," என்றேன். "நடந்து வாரவங்க அந்த வீடுகளுக்கு நேரா ஏறி வருவாங்க."

"அதை ஏன் மொதல்லயே வரையல?" என்று அவர் கேட்டார். அக்காவும் அப்போது என்னைப் பார்த்தாள்.

படிக்கு அனுமதி வாங்கக் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். ஒரு வழியாகக் கிடைத்தது. சுரங்கப்பாதையைத் திறந்தார்கள், கேட்டைக் கழற்றினார்கள், ஊர் திண்டாடிப் போனது. முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாக வந்தவர்கள் சொல்ல ஒன்றும் இல்லாமல் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து நின்றார்கள். அலுவலகத்தில், அன்று டீ குடித்த அந்தச் சக ஊழியர் பழக்கதோஷத்தில் "கேட்..." என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா வீட்டுக்குப் போகாமல் இருக்க இனி எனக்கும் சாக்கு கிடையாது.

அடுத்த சனிக்கிழமை நடந்தே போனேன். சுரங்கப்பாதைக்குள் புதுப் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. எதிரொலி கேட்பதற்காகப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடினார்கள். படியேறி வெளியே வந்தால் நேர் எதிரே அக்காவின் கடை. புது ஷட்டர், வரிசையாகத் தொங்குகிற நீலப் பாவாடைகள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இரண்டு பெண்கள் பிள்ளைகளுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அளவெடுப்பதைத் தொடர்ந்தாள். அவர்கள் போகிறவரைக்கும் நான் வெயிலில் நின்றேன்.

"இத்தன நாளு ஏன்ல வரல?"

"பயமா இருந்துச்சுக்கா. அப்பவும் பயம், இப்பவும் பயம்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "முன்னறை போனதுக்கு எனக்கு ஒம்மேல கோவம் இல்ல. நீ வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருப்போம். நான் தனியா அழுதேன்."

அவள் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்தேன். அதற்குள் படியேறி வந்த ஓர் அம்மா, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள். "எந் தம்பி வந்திருக்கான்."