ஒட்டவைத்த கொம்பு

பஞ்சாட்சரத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் யோக்கியன் என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பெயரெடுத்தவன் ஒருநாள் சறுக்கினால் அடி பலமாகத்தான் விழும். அவருக்கும் விழுந்தது.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் அவருக்குக் கொஞ்சம் நிலம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் ஊறி ஊறிக் கிணறு உப்பாகிப்போனதில் நெல் போயிற்று, வாழை போயிற்று. மிஞ்சியது மழைக்கு வரும் கடலையும் ஆடுகளும்தான். மனைவி விஜயகுமாரி விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஆடு மேய்ப்பதும், ஜோதி, வசந்த் என்ற இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கிளப்புவதும் பஞ்சாட்சரத்தின் வேலை. ஜோதி நாலாம் வகுப்பு. சின்னவன் வசந்துக்கு இன்னும் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை.

வருஷா வருஷம் பக்ரீத்துக்கு ஒரு கெடாவை வாஹித் பாஷாவுக்கென்று வளர்ப்பார். பாஷா தோல் ஷாப்பு மேஸ்திரி. பல்லைப் பிடித்துப் பார்ப்பது, இடுப்பை அழுத்திப் பார்ப்பது என்று சந்தைக்காரர்கள் செய்யும் எதையும் அவர் செய்ய மாட்டார். "நீ வளர்த்ததை நான் இன்னா பாக்கறது, வுடுப்பா" என்று கயிற்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு பேச்சுக்காகவே பஞ்சாட்சரம் கெடாவுக்கு அகத்தியும் கடலைக்கொடியும் தேடித் தேடிப் போடுவார்.

தொண்ணூற்றொன்பதில் வளர்ந்த கெடாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மந்திரி. கறுப்பு. நடையில் அத்தனை மிடுக்கு. ஜோதி சாப்பிடும் தட்டில் வாய் வைக்கும், வசந்தின் சட்டைப் பொத்தானைக் கடிக்கும். ஒரு சாயங்காலம் அதை வாசல் கேட்டில் கட்டிவிட்டு இரண்டும் விளையாடப் போயின. கம்பிச் சந்தில் கொம்பு மாட்டிக்கொண்டது தெரியாமல் ஜோதி ஓடிவந்து கேட்டைப் படாரென்று தள்ளினாள். நுனிக் கொம்பு ஒரு விரல் நீளத்துக்கு முறிந்து கீழே விழுந்தது. ரத்தம், கத்தல், அழுகை. பஞ்சாட்சரம் மஞ்சளை அப்பித் துணி சுற்றினார். புண் ஆறிவிட்டது. மனசுதான் ஆறவில்லை.

பக்ரீத்துக்குப் பலி கொடுக்கும் குர்பானி ஆட்டுக்கு ஊனம் இருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு ஊனம், எந்த ஊனம் என்பது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன கேடு? அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி கெட்டது. பாய் வேறு ஆடு பார்த்துக்கொண்டால் என்ன செய்வது, இத்தனை வருஷப் பழக்கம் என்னாவது என்று பயந்தார்.

பிள்ளைகளின் செருப்பு ஒட்ட விஜயகுமாரி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சொல்யூஷன் டப்பா ஒன்று மாடத்தில் இருந்தது. ஷூவுக்கு அடி ஒட்டுகிற மாதிரியே செய்தார். இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, சற்றே காயவிட்டு அழுத்திப் பிடித்தார். ஒட்டின இடத்தில் கறுப்புப் பாலீஷ். ஜோதிதான் மந்திரியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க. அந்த மனுஷன் நம்பி வர்றவரு" என்றாள் விஜயகுமாரி.

"நீ சும்மா இரு. பேஜார் பண்ணாத."

"பாய் மாமா கேட்டா இன்னாப்பா சொல்றது?" என்றாள் ஜோதி.

"அவரு கேக்க மாட்டாரு. நீயும் வாயைத் தொறக்கக் கூடாது."

பாஷா கேட்கவில்லைதான். தங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடு பழக வேண்டுமென்று பண்டிகைக்கு முந்தின வாரமே வந்தவர், கொம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரர்கூட இல்லையே! பக்ரீத் காலையில் வழக்கம்போல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாஷா வீட்டுக்குப் போனபோது, முற்றத்தில் மந்திரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பாஷாவின் பேரன் கொம்பைப் பிடித்து இழுத்தான். கொம்பு கையோடு வந்துவிட்டது. பையன் பயந்துபோய் வீல் என்று கத்தினான்.

பாஷாவின் மனைவி சகீனா ஓடிவந்தாள். பாஷா அந்தத் துண்டை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். தோலிலேயே முடி நரைத்தவருக்கு அந்த சொல்யூஷன் வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்து பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்.

பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் நின்ற ஜோதி அழ ஆரம்பித்தாள். "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன் மாமா. அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு."

"அழாத கண்ணு" என்று பாஷா அவள் தலையைத் தடவினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "வேரோட பேர்ந்து வந்தாத்தான் ஆகாது பஞ்சாட்சரம். நுனி உடைஞ்சா எங்களுக்கு ஒண்ணுமில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பொய் சொல்லித் தப்பித்திருந்தாலும் ஒரு கணக்கு. சொல்லவே தேவையில்லாத பொய்யைச் சொல்லி, அதற்குப் பெற்ற பிள்ளையையும் ஆட்டின் தலையைப் பிடிக்க வைத்தாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கும்பிடக்கூடக் கை எழாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார். வழியில், எதற்கென்று அவருக்கே தெரியாமல், ஜோதியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். பிள்ளைமேல் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. வசந்த்தான் அழுதான்.

மத்தியானம் எப்போதும் போல் பாஷா வீட்டிலிருந்து கறி வந்தது. யாரும் தொடவில்லை. தூக்குச்சட்டியை விஜயகுமாரி பக்கத்து வீட்டுப் பட்டம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷம் முழுக்க பஞ்சாட்சரம் பஜார் பக்கம் போனால் பாஷாவின் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த பக்ரீத்துக்கும் ஒரு கெடா வளர்ந்தது. முள்வேலியில் மாட்டி அதற்குக் காது கொஞ்சம் கிழிந்திருந்தது. பாய் வந்தால் வந்ததும் முதல் பேச்சாக அதைத்தான் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் பாய் வருவாரா?

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னாப்பா, நல்லா இருக்கியா?" என்றார். பஞ்சாட்சரம் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் ஜோதி உள்ளேயிருந்து ஓடிவந்து ஆட்டின் தலையைத் திருப்பிப் பிடித்தாள்.

"பாய் மாமா, இதுக்கு இந்தக் காது கிழிஞ்சிருக்கு. நல்லா பாத்துக்குங்க."

"நானே சொல்லத்தான் இருந்தேன் பாய்" என்றார் பஞ்சாட்சரம். நிஜம்தான் அது. ஆனால் அவர் காதுக்கே பொய் மாதிரி கேட்டது.

"தெரியும்ப்பா" என்றார் பாஷா, ஆட்டைப் பார்த்துக்கொண்டே.

பஞ்சாட்சரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காரியம் செய்தாய் என்று சொல்வதற்காக மகளின் தலையைத் தொடக் கையைத் தூக்கினார். ஜோதி சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள்.