துரும்புக்கு மருந்து

பழைய காரைப் பார்க்க வருகிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள். பெயிண்ட் மின்னுகிறதா, ஹாரன் அடிக்கிறதா, சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்துகிறதா என்று. நான் குனிந்து அடியைப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கிற மாமியார் மாதிரி என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். ஒரு காரின் அடிப்பக்கம்தான் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எல்லைக்கு மலையாளப் பக்கம், குன்னத்துகாலில் எங்கள் வீடு. அங்கே ஒரு முதலாளிக்கு என் கணவர் டிரைவராக இருந்தார். கார் ஒரு லேண்ட்மாஸ்டர். நிலச் சட்டம் வந்தபோது முதலாளியின் வயலும் தோட்டவிளையும் பாட்டம் கொடுத்துக் குத்தகைக்குப் பயிர் செய்தவர்கள் பெயருக்குப் போயின. குடிசை போட்டிருந்த எங்களுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. அதன்பிறகு காரின் பெயரைச் சொல்லிச் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. லேண்டும் போச்சு, மாஸ்டரும் போச்சு, தகரம் மட்டும் மிச்சம் என்பார்கள். பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் முதலாளி காரை மாட்டுத் தொழுவத்தில் ஏற்றி நிறுத்தினார். இரண்டு மழைக்காலம் அது சாணியிலும் மூத்திரத்திலும் நின்றது. வேறு யார் கைக்கும் அது ஸ்டார்ட் ஆகாது என்று தெரிந்தபின் கிடைத்த விலைக்கு என் கணவருக்கே கொடுத்துவிட்டார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். "அதெல்லாம் செரி மக்கா, ஆனைக்கு இரை ஆரு போடுவா?" என்று என் மாமியார் கேட்டார். அந்த இரையைத் தேடித்தான் என் கணவர் கடல் தாண்டினார். அப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் பேர்ஷியாவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். வளைகுடாவில் எந்த நாடாக இருந்தாலும் எங்களுக்கு அது பேர்ஷியாதான். இவருக்கு அங்கே லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. அனுப்பிய பணம் தங்கைமார் கல்யாணத்துக்கும் வீட்டுச் சுவருக்குமே சரியாக இருந்தது.

முதல் லீவில் வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்காமல் காரிடம் போனார். ஓலைச் சாய்ப்பின் கீழே அது நின்றிருந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த மிதியடியைத் தூக்கி, தரையை விரலால் அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். விரலை வெளியே எடுக்கவும் தோன்றவில்லை போலும்.

போகிறதற்கு முன்னால் ஓட்டைக்கு ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "எட்டி, இஞ்ச பாரு. அடுத்த லீவுக்கு நான் வரும்பம் இதுக்க தரை நிண்ணுதுண்ணா நானும் நிண்ணுடுவேன். வாடகைக்கு ஓட்டிப் பிழைச்சிக்கிடலாம். தரை போச்சுண்ணா எனக்கு அங்க உள்ள லாரிதான் கதி, பின்ன கேக்காத."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை. அன்றிலிருந்து எனக்குத் துரும்பின் மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. இரும்பில் பிடிக்கிற துருவுக்கு எங்கள் பக்கத்தில் துரும்பு என்றுதான் பெயர். மலையாளமும் தமிழும் ஒரே அடுக்களையில் சமைக்கிற ஊர். எது எந்தப் பானையிலிருந்து வந்தது என்று நாங்கள் பார்ப்பதில்லை. அதற்கான கூலியும் எனக்குக் கிடைத்தது.

எல்லையைத் தாண்டித் தமிழ்ப் பக்கம் இருக்கிற களியக்காவிளைச் சந்தைக்குப் போனேன். அங்கே புதிதாக ஒருவர் மருந்துக்கடை போட்டிருந்தார். உரம், பூச்சிமருந்து, பெயிண்ட் எல்லாம் அதே கடையில் கிடைக்கும். கிழக்கேயிருந்து வந்த மனிதர்.

"துரும்புக்கு மருந்து உண்டா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எவ்வளவு இருக்கும்மா?"

"வண்டி முழுக்க உண்டு."

"ஒரு வண்டியா? மழையில நனைஞ்சிருச்சா?"

"நனைஞ்சதுலதானே எல்லாம் வந்தது. இப்பம் அரிச்சிக்கிட்டு வருது."

அவர் தலையை ஆட்டி ஒரு வெள்ளைப் பொடியைக் கட்டிக் கொடுத்தார். "நல்லாத் தூவி விடுங்க. ஆனா மாடு வாய வைக்காமப் பாத்துக்கோங்க."

மாடு எதற்குக் காரில் வாய் வைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, தொழுவத்தில் நின்ற வண்டி என்பது இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துபோனேன். எங்கள் ஊர் விஷயம் எல்லை தாண்டிவிட்டது என்று பெருமைகூட வந்தது.

வீட்டில் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். அடிப்பக்கத்தில் பொடியைத் தூவினால் அது என் முகத்தில்தான் விழும். எனவே கஞ்சித் தண்ணியில் குழைத்துக் கெட்டியாக அப்பினேன். தோசை மாவு போல அழகாக ஒட்டிக்கொண்டது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்தது. வெளியே பெய்த ஈரமெல்லாம் அந்தக் கஞ்சியில் வந்து குடியேறியது. மழை கொஞ்சம் வெறித்ததும் ஒரு பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தேன். கூடவே இரும்பும் செதிலாக வந்தது. ஓர் எறும்பு, ஒரு பூச்சிகூட அந்தப் பக்கம் வரவில்லை, மருந்து அவ்வளவு நல்ல மருந்து. துரும்புக்கு மட்டும்தான் அது விருந்தாகப் போய்விட்டது.

கையில் அந்தச் செதிலோடு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் செதிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வைக்கோல்போருக்குக் கொடுத்ததை நீங்க காருக்கா அப்புனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் ஊரில் துரும்பு என்றால் வைக்கோல் துரும்பு, வண்டி என்றால் மாட்டு வண்டி. தப்பு அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. யாரையாவது திட்டியிருந்தால் ஆறியிருக்கும். வீட்டில் சொன்னபோது மாமியார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்டியளா, எனக்க மருமவ காருக்குக் கஞ்சி குடுத்தா" என்று தெரு முழுக்கச் சொல்லவும் செய்தார். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு போன இடத்தில்கூட ஒருத்தி என்னிடம், "காரு கஞ்சி குடிச்சுதா?" என்று கேட்டாள்.

விட்டேனா பார் என்று ஆகிவிட்டது எனக்கு.

நான் அப்போது அண்டியாபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்றதும் நாற்காலி மேசை என்று நினைக்க வேண்டாம். தரையில் குந்தி உட்கார்ந்து கொட்டையைத் தட்டுவோம். கொட்டை வறுக்கிற இடத்தில் தோட்டிலிருந்து கருப்பாக ஓர் எண்ணெய் வடியும். பட்ட இடம் கொப்புளமாகப் பொத்துவிடும். அது வழிந்து போகிற இரும்புத் தொட்டியைத் தினமும்தான் பார்த்திருக்கிறேன். கஞ்சிக் கதைக்குப் பிறகு ஒரு நாள்தான் அது கண்ணில் பட்டது. மழையிலும் வெயிலிலும் திறந்து கிடக்கிற தொட்டி, அதில் பொட்டுத் துரும்பு இல்லை. பக்கத்திலிருந்த கேட்டைத் தொட்டால் கையோடு வரும். கொட்டை தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் அந்தத் தொட்டியைத் தடவிப் பார்த்தேன். அன்று மாலையே கேட்டு ஒரு டின் எண்ணெய் வாங்கிவந்தேன்.

இந்தத் தடவை மல்லாந்து படுக்கத் தயாரில்லை. மேலேயிருந்து சொட்டினால் கண் போய்விடும். நின்றபடி வேலை செய்ய ஆளுயரக் குழி வேண்டும், அதன்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். சாய்ப்புக்குப் பக்கத்தில் மண்வெட்டியைப் போட்டேன்.

மாமியார் ஓடிவந்தார். "ஆருகிட்ட கேட்டுத் தோண்டுக?"

அவர் கேட்டதில் காரணம் இருந்தது. ஒரு தென்னம்பிள்ளை வைக்கக் கேட்காமல் குழி எடுத்ததற்காக என் மாமனாரை முதலாளி வீட்டு முற்றத்தில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பயம் இவர் உடம்பிலிருந்து போகவில்லை.

"எனக்க மண்ணாக்கும் மாமி. எனக்கிட்டதான் கேட்டேன். செரிண்ணு சொன்னேன்."

மாமியார் மண்வெட்டி விழுந்த இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு சேலையை வரிந்து கட்டி, என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். அந்தக் குழியில் பாதிக்குமேல் அவர் வெட்டியதுதான். செம்மண்ணை அவர் வீசிய வீச்சைப் பார்த்தால், பத்து சென்டிலும் குழி எடுத்துவிடுவார் போலிருந்தது. நான்தான் போதும் மாமி, போதும் மாமி என்று நிறுத்தினேன்.

குழிமேல் இரண்டு தென்னந்தடிகளைப் போட்டு, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி ஏற்றினோம். கஞ்சி எனக்கு ஒன்று கற்பித்திருந்தது: துரும்பின் மேல் எதைப் பூசினாலும் துரும்பைப் போர்த்தி வளர்ப்பதுதான். அதனால் முதலில் சுரண்டல். சக்கரத்தின் மேல் வளைவுகளில் செம்மண் சாந்து போல இறுகியிருந்தது. அதைக் குத்தி எடுத்துக் கழுவினேன். கதவுகளுக்குக் கீழே தண்ணீர் வடிய விட்டிருந்த சின்னத் துளைகள் அடைந்து கிடந்தன. கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், தேங்காய் மட்டைத் தொண்டு. இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை தேய்த்து, சித்திரை வெயிலில் காயவிட்டேன். அதன்பிறகு கொட்டை எண்ணெயோடு லாரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கிய கரி ஓயிலை, அதாவது எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயைக் கலந்து, லேசாகச் சூடாக்கி, மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். கணவரின் பழைய காக்கி உடுப்பு, தலையில் பிளாஸ்டிக் தாள், கைமுகமெல்லாம் தேங்காய் எண்ணெய். அப்படியும் கழுத்து பொத்துப்போனது.

நான் குழிக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு நாள் மேலே இரண்டு வெள்ளைச் செருப்புகள் வந்து நின்றன. முதலாளி. ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"இது நம்ம வண்டியில்லியா?" என்றார்.

"உங்க வண்டியா இருந்தது. இப்பம் எங்க வண்டியாக்கும்," என்றேன். குழியிலிருந்து ஏறி வரவில்லை. வேலை பாதியில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்துப் பேச அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிய வேண்டியிருந்தது. குனிந்தவர் அடிப்பக்கத்தையும் பார்த்தார். "இத்தர வருஷம் இதில ஏறி நடந்தேன். இதுக்க அடி எப்படி இருக்கும்ணு பாத்ததே இல்ல," என்றார். அதில் குத்தல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் போனார். மாமியார் அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார்.

அடுத்த மழைக்கு முன்னாலும் சுரண்டினேன், அடித்தேன். கஞ்சி குடித்த கார் என்கிற பெயர் மட்டும் போகவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் பயமெல்லாம் அந்த வெல்டிங் தகட்டின் ஓரங்களைப் பற்றித்தான். மழை கொட்டுகிறபோதெல்லாம் அந்த இடம் நினைவுக்கு வந்து சோறு இறங்காது.

என் கணவர் அடுத்த லீவில் வந்தார். இந்தத் தடவையும் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானும் மாமியாரும் மேலே நின்றோம். டங், டங் என்று குத்துகிற சத்தம் முன்னாலிருந்து பின்னால் போனது. திரும்பவும் முன்னால் வந்தது. தகட்டுப் பக்கம் வந்ததும் சத்தம் நின்றது.  மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதே இடத்தில் ஓங்கி ஒரு குத்து. டங்.

"எட்டி," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நீ இதில என்னத்தத் தேச்ச?"

"கொட்டை எண்ணெய்."

"பின்ன கஞ்சிண்ணு சொன்னாவ?"

மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். என் கணவர் மேலே ஏறி வந்தபோது கன்னத்தில் கருப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. மறுநாள் அந்த இடம் பொத்துப்போகும் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, "இத எங்கியாவது வையுங்க" என்று அவருடைய அம்மா கையில் கொடுத்தார்.

அவர் லீவு முடிந்து திரும்பிப் போக வேண்டியிருந்த அதே நாளில் எங்களுக்கு ஒரு சவாரி வந்தது. அம்பூரிப் பக்கத்து ரப்பர்ப்பால் வெட்டுக்காரர் ஒருவர் முதல் தடவையாகப் பேர்ஷியா போகிறார், திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை விட வேண்டும். அவர் மனைவிக்குத் துணையாக நானும் ஏறினேன். வாசலில் டிக்கெட் வைத்திருந்தவரை மட்டும் உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கணவர் வண்டியைத் திருப்பினார்.

ஊர் வருகிறவரை அவள் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே வந்தாள். அந்த அழுகை எனக்குத் தெரியும், நானும் அதே ரோட்டில் அழுதவள்தான். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்காக வருத்தமும் இருந்தது. ஆனால் மறைப்பானேன், என் உள்ளுக்குள் திருவிழா நடந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் என் ஆள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.