பச்சை நாயகியும் எங்கள் சித்தப்பாவும்

நேற்று மாலை எங்கள் கரமனை வீட்டில் கரண்ட் போனது. போனதே தெரியவில்லை. இன்வெர்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு வேலையை ஏற்றுக்கொண்டது; டிவியில் பறந்துகொண்டிருந்த வீரன் கண்கூடச் சிமிட்டவில்லை. பழக்கதோஷத்தில் இழுப்பறையைத் திறந்து மெழுகுவத்தியை எடுத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சாலை என்கிற கடைத்தெருவில் நாங்கள் அப்போது இருந்த மாடிவீடு வந்து நின்றுவிட்டது.

அப்பாவும் சித்தப்பாவும் அங்கே இரும்புக்கடை வைத்திருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு. துருவும் பெயிண்டும் கலந்த வாசனை எங்கள் சோற்றில்கூட இருக்கும். ஞாயிறு இரவு ஏழரைக்குத் தமிழ் சேனலில் ஒரு வேற்றுக்கிரகத் தொடர் வரும், டப்பிங் செய்தது. சித்தப்பா அதைப் பார்ப்பார் என்று சொல்வது தவறு. உரித்துத் தொங்கப்போடுவார்.

"ஏழு கிரகம் தாண்டி வந்தவன் செந்தமிழ் பேசுதான். சாலையில பொறந்து மலையாளம் படிக்குத நம்ம புள்ளைகளுக்குத் தமிழ்ல கடை போர்டு வாசிக்கத் தெரியல்ல" என்பார். விண்கலத்தின் எஞ்சின் அறையைக் காட்டினால், "அது நம்ம கடை பிவிசி பைப்பு எல்போ. வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான்" என்பார். அரக்கனின் முதுகில் ஜிப் தெரிந்த வாரம் நாங்கள் சிரித்துப் புரையேறிச் செத்தோம். மந்திரவாதி மூன்று வாரமாகப் பாலைவனத்தில் நடந்தபோது, "மந்திரம் தெரியும்லா? பின்னே ஒரு ஆட்டோ வரவழைக்க வேண்டியதுதானே" என்று கேட்டார். இன்றைக்கு அதே மாதிரித் தொடர்களை ஊரே போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறது. ஒருத்தருக்கும் இந்த ஞானம் இல்லை. எனக்கும் இல்லை, அவரிடம் இரவல் வாங்கியதைத்தான் இன்னும் செலவழிக்கிறேன்.

சித்தப்பா நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. தலைமுடி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை என்று அம்மா சொல்வாள், அவர் காதுபடவே. அப்போதுதான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் டீச்சர். தங்கைகளைக் கரையேற்றியதில் அவளுக்கு முப்பத்துநாலு வயதாகிவிட்டது. போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா கடையில் அலைந்தார். உலகத்தில் எதைக் காட்டினாலும் குறை சொல்கிற மனுஷன் அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் நாளை அம்மாதான் குறித்தாள். அந்தக் கோடையில் தினமும் இரவு அரை மணி நேரம் மின்வெட்டு. எங்கள் தெருவுக்கு ஏழு முதல் ஏழரை. "ஞாயித்துக்கிழம ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. டிவியும் இருக்காது, இவரு வழுக்கையும் தெரியாது. மெழுகுவத்தி வெளிச்சத்துல எல்லாவனும் மாப்பிள்ளைதான்" என்றாள். அப்பா ஒத்துக்கொண்டார். சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார், பாவம்.

அவர்கள் வந்த பஸ் களியக்காவிளை எல்லையில் மாட்டிக்கொண்டது. ஏழேகாலுக்கு மேல்தான் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்து சேர்ந்தார்கள். இருட்டில் சித்தப்பா அடக்கமாகப் பேசினார். சம்பந்தம் முடிவாகாமல் அந்தப் பக்கத்துக்காரர்கள் கை நனைக்க மாட்டார்கள். ஆனால் அம்மா தட்டை நீட்டியதும், பெண்ணின் அப்பா நேந்திரங்காய் சிப்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. கட் ஆனபோது யாரும் டிவியின் சுவிட்சை அணைக்கவில்லை. முழுச் சத்தத்தில் தொடர் அலறியது. பச்சை நிறத்து நாயகி மலையுச்சியில் நின்று, அண்டத்தைக் காக்கப் போன காதலனுக்காக அழுதுகொண்டிருந்தாள். நான் சுவிட்சுக்கு ஓடினேன். சித்தப்பாவின் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"முப்பது தாண்டியாச்சு. இனி இவளை எவன் வந்து கெட்டப் போறான்னு இந்தப் பாடு படுதா?"

டிவி அணைந்தது. பெண்ணின் அப்பா சிப்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். வைத்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

சித்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, நான் டிவியில உள்ளவளச் சொன்னேன். அவ பூமியே கெடையாது..."

"எம் பொண்ணு பூமியிலதான் பொறந்தா" என்றார் அவர். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பும் முன்பே அம்மா ஆரம்பித்தாள். "ஊருக்கெல்லாம் பூட்டு விக்கீரே கொழுந்தனாரே, உம்ம வாய்க்கு ஒண்ணு கெடைக்கல்லியா?" அப்பா சிரித்தார். சத்தியமாக, நாங்களும் சிரித்தோம். அப்படி ஒரு குடும்பம். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து, திருப்பி அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறும் அவர் டிவி முன் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அந்தத் தொடர் எவ்வளவு மட்டமானது என்று. கொஞ்ச நாளில் நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

கடை போய்விட்டது, அப்பா அம்மா போய்விட்டார்கள். சித்தப்பா என்னோடுதான் இருக்கிறார். நேற்று மெழுகுவத்தியை உள்ளே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் வீரன் ஒரு கையை நீட்டிக்கொண்டு, கிழக்கேகோட்டை ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்துகிறவனைப் போலப் பறந்தான். நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"சித்தப்பா, இவன் எதுக்குக் கைய நீட்டுதான்?"

அவர் உதடு லேசாக அசைந்தது. நான் காத்திருந்தேன்.

"நல்லாத்தானே இருக்கு மக்கா" என்றார்.