சவ வண்டிக்கு ஒரு குரல்

பனி கொட்டும் நகவோகா நகரில் சவ வண்டி ஓட்டியே நரைத்தவர் ஹிராய்வா. புது வண்டியின் வழிகாட்டிக் கருவிக்குக் குரல் தேர்ந்தெடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. குழையும் குரல், கேலிக் குரல் எல்லாவற்றுக்கும் முகம் சுளித்துவிட்டு, செய்தி வாசிப்பது போன்ற பெண் குரல் ஒன்றை வைத்தார்.

"இதுதான் அளந்து பேசுது," என்றார் முதலாளியிடம். வழி சொல்வதை மட்டுமே கேட்டிருந்தார். போய்ச் சேர்ந்தபின் அது என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை.

முதல் பயணம், சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டிய ஒருவருடையது. இறந்தவருக்கு விடைகொடுக்கும் வழக்கப்படி ஹிராய்வா நீளமாக ஹாரன் அடித்துக் கிளம்பினார். பக்கத்தில், கணவரின் படத்தை மடியில் வைத்தபடி மனைவி. தகனக்கூட வாசலில் வண்டி நின்றதும் குரல் ஒலித்தது: "சேர வேண்டிய இடம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் பாடுபட்டீர்கள், நன்றி."

ஹிராய்வா குன்றிப்போனார். "மன்னிச்சிருங்கம்மா. வண்டி ஓட்டுறவனுக்குச் சொல்றது இது. இப்படிப் பேசும்னு தெரியாது."

"இருக்கட்டுங்க. குளிர்காலம் பூரா ஊர் தூங்குறப்போ பனி வாரினாரு. ஒருத்தர் வாயிலயும் இந்த வார்த்தை வரல." படத்தைத் துடைத்தாள். "இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்களேன்."

"அது ஒரு தரம்தாம்மா சொல்லும்."

ஹிராய்வா தொப்பியைக் கழற்றினார். பின்னாலிருந்த பெட்டியை நோக்கித் தலைகுனிந்து, அதே வார்த்தைகளை அவரே சொன்னார்.