முழங்கால் உயரக் கயிறு

கை அலம்பப் போனவள் கயிறு தடுக்கி விழப் பார்த்தாள். தேசப்பன் எழுந்து ஓடுவதற்குள் நர்மதாவே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வீட்டின் பின்பக்கம், சாக்கடைக்கும் மதிலுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு. அதில் அவர் மனைவி புஷ்பவல்லியின் புடவை, இரண்டு பாவாடைகள், ஒரு நைட்டி. புடவையின் ஓரம் தரையில் புரண்டது.

"ஏன் சார் இவ்வளவு கீழ கட்டியிருக்கீங்க? மாடியில வெயில் கொளுத்துதே."

தேசப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நர்மதா பல்கலைக்கழகத்தில் பர்மாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், ராணுவம் என்ன செய்கிறது, திரும்பி வந்த தமிழர்கள் எதையெல்லாம் கூடவே கொண்டுவந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு எண்ணூருக்கு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள். முதல் இரண்டு தடவையும் அத்தோ நூடுல்ஸைப் பற்றியும் மொய்ங்கா சூப்பைப் பற்றியும் பேசியே பொழுது போய்விட்டது. அவற்றை வண்டியில் வைத்து விற்பதுதான் அவர் பிழைப்பு. மற்றபடி, கப்பலில் வந்திறங்கியபோது அவர் கைக்குழந்தை. பர்மாவை நேராகத் தெரியாது என்பது அவருக்கு உள்ளூரக் குறைதான். இப்போது சொல்வதற்கு ஒன்று கிடைத்தது.

"அது பர்மா பழக்கம்மா. பொம்பள துணி ஆம்பள தலைக்கு மேல போவக் கூடாது. போச்சின்னா அவனோட யோகம் பூடும். எங்கம்மா ரங்கூன்லர்ந்து வேற இன்னா கொண்ணாந்துச்சோ, இத கொண்ணாந்துச்சு. இந்த வூட்ல இன்னி வரிக்கும் தப்புனதில்ல. ஒரே ஒரு தபா தப்பிச்சி. அதுக்குப் பட்டது போதும்."

நர்மதா போனில் பதிவை ஓடவிட்டாள். தேசப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார். அப்போது அவர் பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனியில் இருந்தார். நல்ல வேலை, தீபாவளிக்கு போனஸ் உண்டு. அம்மா செத்துப்போய் மாதம்கூட ஆகவில்லை, புஷ்பவல்லி மாடியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டுவிட்டாள். படியேறிப் போனவர் தலையில் பாவாடை பட்டது. அதே வாரம் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அப்புறம் கூலி வேலை, வாட்ச்மேன் வேலை, எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் இந்த வண்டி.

மாடிக் கயிற்றை அறுத்ததையும், பாவாடையைச் சாக்கடையில் எறிந்ததையும், தெருவே பார்த்துக்கொண்டிருக்க அவளை அறைந்ததையும் அவர் சொல்லவில்லை.

அடுப்படியில் பூண்டு வறுத்துக்கொண்டிருந்த புஷ்பவல்லி குரல் கொடுத்தாள்.

"அந்தக் கம்பெனில எத்தினி பேருக்கு வேல போச்சின்னு கேளும்மா. எல்லார் பொண்டாட்டியும் சொல்லி வெச்சி ஒரே நாள்ல பாவாடைய மாடில போட்டோமா?"

நர்மதா சிரித்தாள். தேசப்பனும் சிரித்துவைத்தார்.

"இவ காசிமேடும்மா. மீனும் துணியும் ஒரே கயித்துல காயற வூடு. இவளுக்கு இன்னா தெரியும்?"

"ஆமா. மீனுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. அது பாட்டுக்குக் காயும்."

நர்மதா போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். ரங்கூனில் ஒரு தெரு. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் குறுக்கே, தலைக்கு மேலே, வரிசை வரிசையாகப் பெண்களின் லுங்கிகள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் பெண்கள் கட்டியது என்றாள். அடியில் நுழைய சிப்பாய்கள் தயங்கினார்கள். நின்று, எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுவிட்டுத்தான் தெருவுக்குள் போனார்கள்.

"இதப் பத்தி நிறைய எழுதறாங்க சார். அவமானத்தையே ஆயுதமாக்கிட்டாங்கன்னு சிலர். தன் துணி தீட்டுன்னு ஒத்துக்கிட்டாத்தானே அது ஆயுதமாகும்னு சிலர்."

புஷ்பவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

"கைல துப்பாக்கி கீதே?"

"ஆமாம்மா."

"வெச்சினுமா பயப்படறானுங்க?"

"நிறைய பேர் பயந்தாங்க."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

"வெறும் பயம்தானா. நான் வேற இன்னாவோன்னு நெனச்சினு இருந்தேன்."

தேசப்பன் பக்கத்திலிருந்த தட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"இதனால உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருந்துச்சாம்மா?" என்று நர்மதா கேட்டாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

தேசப்பனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த மூலையில் வெயில் விழுவதில்லை. மழைக்காலத்தில் துணி காயவே காயாது, ஈரத்தோடுதான் புஷ்பவல்லி உடுத்துவாள். தொடையிடுக்கில் புண் வந்தது. ஆறும், மறுபடி வரும். ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். துணியை நல்ல வெயிலில் போட்டாலே போதும் என்று ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் சொன்னதாக வந்து சொன்னாள். டாக்டருக்கு நம் பழக்கம் என்ன தெரியும் என்று இவர் சொன்னார். அப்புறம் அவள் பாயைத் தனியாகப் போடச் சொன்னார். கலீஜ் என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அந்த வார்த்தையைச் சொன்ன தன் குரல் இப்போது அவர் காதில் கேட்டது. இவள் வாயைத் திறந்தால் அது போனுக்குள் போகும், அங்கிருந்து புத்தகத்துக்குப் போகும், படித்தவர்கள் படிப்பார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை என்று அவருக்கே தெரிந்தது.

புஷ்பவல்லியும் ஒரு தரம் அவரைப் பார்த்தாள்.

"கஷ்டம் இன்னாமா. குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு வலி. அவ்ளோதான். நீ டீய குடி, ஆறிப்பூடும்."

நர்மதா பதிவை நிறுத்தினாள். அவள் கிளம்பும்போது தேசப்பன் வாசல்வரைகூடப் போகவில்லை. மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அவள்மேல் கோபமாவது பட்டிருக்கலாம். சாயந்தரம் வண்டியில் அத்தோ பிசையும்போது பக்கத்து வீட்டு ஃப்ரெடி ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னா நைனா, உப்ப வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றான். புஷ்பவல்லி உப்பு டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டார்.

மறுநாள் காலையில் தேசப்பன் நைலான் கயிறு வாங்கிவந்து மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இடையில் கட்டினார். புஷ்பவல்லியிடம் சொன்னார். சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே போனபோது அவருடைய லுங்கிகளும் பனியன்களும் அதில் காய்ந்துகொண்டிருந்தன. அவளுடையவை பின்பக்கத்தில் பழைய கயிற்றிலேயே இருந்தன. மத்தியானம் நர்மதா போன் செய்தாள். எழுதும்போது ஒரு சந்தேகம் வந்ததாம். பாவாடை பட்டது முதலிலா, கம்பெனி மூடியது முதலிலா என்று கேட்டாள். தேசப்பன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து சூப்புக்கு வாழைத்தண்டு நறுக்கினார். உள்ளே அவள் பேசுவது வெகுநேரம் கேட்டது. சாயந்தரம் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வியாபாரம் சுமார்.